அஞ்சு போட்டா போதும்

தமிழ்நாட்டுப் பொறியியல் கல்லூரிகளின் ரெக்கார்டு நோட்டில் ஒரு வாக்கியம் உண்டு. ஒவ்வொரு சோதனையின் முடிவிலும் 'ரிசல்ட்' என்று தலைப்பிட்டு, அடிக்கோடு போட்டு, அதன் கீழே எழுதப்படுவது: "தஸ் தி ப்ரோக்ராம் வாஸ் எக்ஸிகியூட்டட் அண்ட் வெரிஃபைட் சக்ஸஸ்ஃபுல்லி." நிரல் இயக்கப்பட்டது, வெற்றிகரமாகச் சரிபார்க்கப்பட்டது. யார் இயக்கினார், யார் சரிபார்த்தார் என்பது வாக்கியத்தில் இல்லை. செயப்பாட்டு வினையின் சௌகரியம் அது. கணினி இல்லாத விடுதி அறையில், பாயில் குப்புறப் படுத்து, சீனியரின் நோட்டைப் பக்கத்தில் விரித்துவைத்து, நடு இரவில் இதை எழுதாமல் இங்கே கணினிப் பொறியாளர் ஆனவர் அபூர்வம். சீனியர் தன் சீனியரைப் பார்த்து எழுதினார். அவர் அவருடைய சீனியரை. இந்தப் பரம்பரையின் ஆதி சீனியர் ஒரு வரியின் கடைசியில் அரைப்புள்ளி போட மறந்துவிட்டார். அந்த மறதி இத்தனை ஆண்டுகளாகச் சேதாரமில்லாமல் கைமாறி வந்திருக்கிறது. அனுப்பிய தரவு வழியில் மாறாமல் போய்ச் சேருவதை 'இன்டெக்ரிட்டி' என்பார்கள். நெட்வொர்க் செக்யூரிட்டி தாளில் வரும். உதாரணம் கேட்டால் எங்கள் பிள்ளைகள் வெளியே தேட வேண்டியதில்லை.

ரெக்கார்டின் வலது பக்கம் கோடு போட்டது. அதில் நிரல், நீல மையில். இடது பக்கம் வெள்ளை. அதில் அவுட்புட், பென்சிலால். கணினி சொல்லவேண்டிய பதிலை மாணவன் பென்சிலால் எழுதிக்கொள்வான். ஸ்கேல் வைத்துக் கட்டமும் போடுவான். நிரலில் பிழை இருந்தாலும் கையெழுத்து விழும். மார்ஜின் கோணலாக இருந்தால் விழாது. வொயிட்னர் தடவியிருந்தால் அந்தப் பக்கத்தையே மறுபடி எழுதவேண்டும். எழுதுவதில் இத்தனை கறார் காட்டுகிற ஓர் அமைப்பு, எழுதியது ஓடுமா என்று ஒருநாளாவது கேட்டிருந்தால் நாம் இந்நேரம் எங்கேயோ போயிருப்போம்.

முதலாண்டு சி மொழி ஆய்வகத்துக்கு வாருங்கள். செருப்பை வெளியே விடவேண்டும். அது ஒன்றுதான் அங்கே கறாராக நடைமுறையில் உள்ள பாதுகாப்பு ஏற்பாடு. உள்ளே வரிசையாக நீலத் திரைகள். டர்போ சி. போர்லண்ட் நிறுவனம் டாஸ் காலத்தில் விற்ற சரக்கு. இன்றைய கணினியில் அது நேராக ஓடாது என்பதால், டாஸ்பாக்ஸ் என்கிற போலி டாஸை முதலில் கிளப்பி, அதன் வயிற்றுக்குள் இதை ஓட்டுகிற கல்லூரிகள் உண்டு. 64 பிட் இயந்திரத்தை வாங்கி, அதற்கு 16 பிட் வேஷம் கட்டி ஆடவிடுகிறோம். லேப் ஃபீஸ் தனி. லினக்ஸ் இலவசம், ஜிசிசி இலவசம். ஆனால் 'கோனியோ டாட் ஹெச்' அதில் கிடையாது, 'கெட்ச்' கிடையாது, திரையைத் துடைக்கும் 'கிளியர் எஸ்சிஆர்' கிடையாது. ரெக்கார்டிலோ இம்மூன்றும் இருக்கின்றன. ரெக்கார்டுக்கு ஒவ்வாத கம்பைலரை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

அன்றைய சோதனை ஃபேக்டோரியல். எண்ணைக் கொடுத்தால் ஒன்றிலிருந்து அதுவரை பெருக்கிச் சொல்லும் நிரல். ரெக்கார்டுகளில் உள்ளீடு வழக்கமாக 5, விடை 120. அந்த வரிசையில் ஒரு பையன், முதல் தலைமுறைப் பட்டதாரி ஆகப்போகிறவன், சும்மா இருக்க முடியாமல் எட்டு போட்டான்.

"மேடம், எட்டு போட்டா மைனஸ்ல வருது."

"எட்டு எதுக்குப்பா போட்ட?"

"சும்மா பாக்கலாம்னு மேடம். மைனஸ் இருபத்தஞ்சாயிரத்து எரநூத்தி பதினாறுன்னு வருது."

"ரெக்கார்டுல என்ன இருக்கு?"

"அஞ்சு மேடம்."

"அப்ப அஞ்சு போட்டா போதும். எக்ஸ்டர்னல் வந்தாலும் அஞ்சே போடு."

எட்டின் ஃபேக்டோரியல் 40320. டர்போ சி-யில் ஒரு சாதாரண முழு எண்ணுக்கு 16 பிட் இடம்தான். 32767-க்கு மேல் அதில் பிடிக்காது. மிஞ்சினால் எண் மறுபக்கமாகச் சுற்றிக்கொண்டு எதிர்மறையில் போய் விழும். 40320-இலிருந்து 65536-ஐக் கழித்துப் பாருங்கள், பையன் சொன்ன எண் வரும். கணினி பொய் சொல்லவில்லை. கொடுத்த பாத்திரத்தின் அளவைச் சொன்னது. கணினிப் பாதுகாப்பு என்கிற மொத்தத் துறையும் அந்த ஒரு நிமிடம் அந்த மேஜையில் வந்து உட்கார்ந்திருந்தது. பாத்திரம் கொள்ளாததை ஊற்றினால் என்ன நடக்கும் என்ற கேள்வியிலிருந்துதான் கணினிகளை உடைத்த கதைகளில் பாதி தொடங்குகிறது. அந்தப் பையனை நிறுத்திவைத்து, எல்லோரையும் கூப்பிட்டு, "இவன் என்ன கண்டுபிடிச்சிருக்கான் பாருங்க" என்று சொல்லியிருக்கவேண்டிய நிமிடம். அஞ்சு போடச் சொல்லி அனுப்பினோம்.

மேடத்தைக் குறை சொல்வது சுலபம். அவருக்கு அன்று அது மூன்றாவது ஆய்வக வகுப்பு. மாலையில் தரச்சான்று ஆய்வுக்கான கோப்பு வேலை. கோடை வந்தால் ப்ளஸ் டூ முடித்த பிள்ளைகளின் வீட்டுக் கதவைத் தட்டி 'அட்மிஷன்' பிடித்துவரவேண்டும். பிடித்த தலைகளின் கணக்கு இன்கிரிமென்ட் பேச்சில் வரும். எம்.இ. முடித்த ஒருவரைத் தெருத்தெருவாகப் பிள்ளை பிடிக்க அனுப்பிவிட்டு, அவர் 16 பிட்டின் எல்லையை ரசித்து விளக்கவில்லை என்று கோபப்பட எனக்கு வாய் வரவில்லை. அனுப்புகிறவர்கள் மீது வருகிறது.

அதே ஆய்வகத்தில் இன்னொரு நிரல். பெயரைக் கேட்டு வாங்கி, தலைகீழாக அச்சிடுவது. பெயரை வாங்க 'கெட்ஸ்' என்ற கட்டளை. எவ்வளவு நீளமாகத் தட்டச்சு செய்தாலும் கேள்வி கேட்காமல் வாங்கிக்கொள்ளும்; ஒதுக்கிய இடம் தீர்ந்தால் பக்கத்து இடத்திலும் எழுதும். 1988 நவம்பர் 2 அன்று ராபர்ட் மோரிஸ் என்ற கார்னெல் பல்கலைக்கழக மாணவர் இணையத்தில் ஒரு புழுவை விட்டார். அது பல வழிகளில் நுழைந்தது. அதில் ஒரு வழி, யூனிக்ஸின் ஃபிங்கர் சேவையில் இருந்த இந்தக் கெட்ஸ். 512 பைட்டுக்கு இடம் ஒதுக்கியிருந்தார்கள். புழு 536 பைட்டை ஊற்றியது. அன்றைய இணையத்தில் சுமார் ஆறாயிரம் கணினிகள் திணறின என்று கணக்கிட்டார்கள். பாடம் படித்த உலகம் 2011-இல் சி மொழியின் தர வரையறையிலிருந்தே கெட்ஸை நீக்கியது. நம் ரெக்கார்டு அதற்குப் பிறகும் அதை விடவில்லை. பெரியவர்கள் எழுதிவைத்ததை மாற்றக் கூடாது அல்லவா? முதல் செமஸ்டரில் இந்த ஓட்டையைப் போடக் கற்றுத் தந்தோம். ஏழாவது செமஸ்டரில் அதே பிள்ளையிடம் "பஃபர் ஓவர்ஃப்ளோ என்றால் என்ன?" என்று இரண்டு மதிப்பெண்ணுக்குக் கேட்டோம். இடைப்பட்ட மூன்று ஆண்டில் இரண்டும் ஒன்றுதான் என்று சொல்ல ஓர் ஆள் இருந்ததில்லை.

பிறகு மாற்றம் வந்தது. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2017 ஒழுங்குமுறை எல்லாக் கிளைகளுக்கும் முதல் செமஸ்டரில் பைத்தானைக் கொண்டுவந்தது. நல்ல காரியம், கைதட்டினோம். சோதனைப் பட்டியலில் கடைசியாக, பைகேம் கொண்டு ஒரு பந்தைத் துள்ளவைக்கவேண்டும் என்று இருந்தது. பதினேழு பதினெட்டு வயதுப் பிள்ளைகள் குதூகலிக்கவேண்டிய சோதனை. பந்தின் வேகத்தை மாற்றலாம், நிறத்தை மாற்றலாம், இரண்டு பந்தை விட்டு மோதவிடலாம். ஆனால் பந்து ரெக்கார்டில் ஏறவேண்டுமே. காகிதத்தில் எப்படித் துள்ளும்? வழி கண்டார்கள். ஒருவன் எடுத்த ஸ்க்ரீன்ஷாட்டை வகுப்பு மொத்தமும் ஜெராக்ஸ் எடுத்து, கோந்து தடவி, இடது பக்கத்தில் ஒட்டியது. அறுபது நோட்டு, அறுபது பந்து, எல்லாம் அந்தரத்தில் ஒரே இடத்தில் நிற்கின்றன. கீழே, துள்ளியது, சரிபார்க்கப்பட்டது.

இனி ஏழாவது செமஸ்டர், செக்யூரிட்டி ஆய்வகம். கதவில் ஐந்து இலக்கப் பூட்டு கிடையாது. சாவி லேப் அசிஸ்டென்ட் அண்ணனின் இடுப்பில். ஒவ்வொரு மானிட்டரின் நெற்றியிலும் யூசர்நேமும் பாஸ்வேர்டும் எழுதிய சீட்டு, செலோடேப் போட்டு. இந்த அறையில்தான் ரகசியக் குறியீட்டுக் கலை பயிலப்படுகிறது.

2013 ஒழுங்குமுறையின் பட்டியலை எடுத்துக்கொள்வோம். முதலில் சீசர் குறியீடு: எழுத்துகளை மூன்று இடம் தள்ளி எழுதுவது. ஜூலியஸ் சீசர் செய்தது, கிறிஸ்துவுக்கு முன். அடுத்து பிளேஃபேர், 1854. ஹில், 1929. வரலாற்று வரிசையில் போவதில் தப்பில்லை, நல்ல ஆசிரியர் கையில் கிடைத்தால் இவை தங்கம்; அல் கிந்தி ஒன்பதாம் நூற்றாண்டிலேயே எழுத்துகளின் வருகையை எண்ணி இம்மாதிரிக் குறியீடுகளை உடைத்த கதையைச் சொல்லி, பிள்ளைகளையே உடைக்கவைக்கலாம். இங்கே உடைக்கச் சொல்வதில்லை. பூட்டச் சொல்வார்கள், அதே சாவியால் திறக்கச் சொல்வார்கள், ரிசல்ட் எழுதச் சொல்வார்கள். பிறகு டெஸ். அமெரிக்க அரசு 1977-இல் தரமாக ஏற்ற முறை. அதன் 56 பிட் சாவியை 1998-இல் எலக்ட்ரானிக் ஃப்ரான்டியர் ஃபவுண்டேஷன், இரண்டரை லட்சம் டாலருக்கும் குறைவான செலவில் கட்டிய ஓர் இயந்திரம் 56 மணி நேரத்தில் பிடித்தது. 2005-இல் அந்தத் தரத்தையே திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். 2013-இல் நாம் அதை வரவேற்றுப் பட்டியலில் சேர்த்தோம். பக்கத்திலேயே எம்டி5. 2004-இல் ஷியாவோயுன் வாங் என்ற சீனக் கணித அறிஞரின் குழு அதன் முதுகெலும்பை முறித்தது. 2012-இல் அம்பலமான ஃப்ளேம் என்ற உளவு நிரல் அந்த வகை முறிவைப் பயன்படுத்தி மைக்ரோசாஃப்டின் கையெழுத்தையே போலியாகப் போட்டது. ரெக்கார்டில் அது ஆரோக்கியமாகத்தான் இருக்கிறது.

வைஃபை வலைகளை நோட்டம் விட நெட்ஸ்டம்ப்ளர் என்ற கருவியும் அதே பட்டியலில் உண்டு. அது விண்டோஸ் எக்ஸ்பி காலத்துக் கருவி. எக்ஸ்பி-க்கு மைக்ரோசாஃப்ட் 2014 ஏப்ரலில் கருமாதி செய்துவிட்டது. 2013-இல் சேர்ந்த பிள்ளைகள் ஏழாவது செமஸ்டருக்கு வந்தபோது ஆண்டு 2016. கருவி ஓடவில்லை என்றால் என்ன, படம் இருக்கிறதே.

ஆர்எஸ்ஏ-வுக்கு வருவோம். ஸ்டாலிங்ஸ் புத்தகத்தில் ஓர் எடுத்துக்காட்டு: பகா எண்கள் 17, 11, பெருக்கினால் 187, செய்தி 88, பூட்டினால் 11. கையால் போட்டுப் புரிந்துகொள்ள அழகான கணக்கு. நிஜத்தில் இன்று புழங்கும் சாவி 2048 பிட், அதாவது 617 இலக்கம். அந்த இரண்டு எண்ணுக்கும் நடுவே என்ன நடக்கிறது, 187-ஐப் பத்தாம் வகுப்புப் பிள்ளை உடைத்துவிடுவாள், 617 இலக்கத்தை ஏன் உடைக்க முடியாது, என்பதுதானே பாடம்? அதை யாரும் தொடுவதில்லை. சும்மா இருக்கமாட்டாத பையன் இங்கேயும் ஒருவன் இருப்பான். இரண்டு பெரிய பகா எண்ணைக் கொடுப்பான். நிரல் குப்பையைக் கொட்டும். அவனுக்கும் பதில் தயார். பதினேழும் பதினொன்றும் போட்டால் போதும்.

2017-இல் இந்தப் பட்டியலும் மாறியது. ஏஇஎஸ் வந்தது, மகிழ்ச்சி. கூடவே 'பில்டிங் ட்ரோஜன்ஸ்' என்று ஒரு சோதனை வந்தது. ட்ரோஜன் செய்வது! பெற்றோர் பயப்படவேண்டாம். கல்லூரிகளின் லேப் மேனுவல்களில் சுற்றிச் சுற்றி வருவது ஒரே பேட்ச் ஃபைல்தான். பெயிண்டைத் திற, நோட்பேடைத் திற, கால்குலேட்டரைத் திற, மறுபடி முதலிலிருந்து போ. அவ்வளவுதான். எதிரி நாட்டின் படைத்தளத்துக்குள் புகுந்து கால்குலேட்டராகத் திறந்துகொண்டே இருக்கும். ட்ரோஜன் என்றால் நல்லவன் வேஷத்தில் உள்ளே வருவது. இது வேஷமும் போடவில்லை, உள்ளேயும் வரவில்லை, மாணவனே இரட்டை க்ளிக் செய்து ஓட்டிவிட்டு மாணவனே மெஷினை அணைக்கிறான். "தஸ் எ ட்ரோஜன் வாஸ் பில்ட்." சைபர் போர் வந்தால் நம்மிடம் ஆண்டுக்கு ஆயிரக்கணக்கில் கால்குலேட்டர் திறப்பவர்கள் தயார்.

உண்மையான நெட்வொர்க் செக்யூரிட்டி வகுப்பு ஒன்று அதே வளாகத்தில், விடுதியில், ராத்திரி பத்து மணிக்கு மேல் நடக்கிறது. கல்லூரி ஃபயர்வால் யூட்யூபைத் தடுத்திருக்கும். பிள்ளைகள் விபிஎன் போடுவார்கள். அட்மின் அதைத் தடுப்பார். இவர்கள் வேறு போர்ட்டில் போவார்கள், டிஎன்எஸ்-ஐ மாற்றுவார்கள், ஒருவன் போனிலிருந்து ஹாட்ஸ்பாட் விடுவான். செமஸ்டர் முழுக்க நடக்கும் இந்த ஆட்டத்தில் அவர்கள் கற்றதில் பத்தில் ஒரு பங்குகூட ரெக்கார்டில் இல்லை. ஆனால் ஜாக்கிரதையாக இருக்கவேண்டும். கல்லூரியின் மதிப்பெண் தளத்தில் முகவரியின் கடைசியில் உள்ள பதிவெண்ணை மாற்றினால் அடுத்தவன் மதிப்பெண் தெரிகிறது என்று ஒரு பிள்ளை கண்டுபிடித்து, நல்ல எண்ணத்தில் ஹெச்ஓடியிடம் போய்ச் சொன்னால் என்ன நடக்கும்? தளம் சரிசெய்யப்படாது. அப்பாவைக் கூட்டிவரச் சொல்வார்கள். மன்னிப்புக் கடிதம். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66-ஆம் பிரிவு, மூன்று ஆண்டு சிறை, ஐந்து லட்சம் அபராதம் என்று ஒரு பிரசங்கம். பிரிவு இருப்பது உண்மை. அதைத் தளத்தைக் கட்டியவனிடம் சொல்லாமல் ஓட்டையைக் காட்டியவனிடம் சொல்வதுதான் நம் மரபு.

மேலிடத்துப் பழக்கமும் அதுதானே. 2019 அக்டோபர் 29 அன்று கூடங்குளம் அணுமின் நிலையத் தரப்பு ஓர் அறிக்கை விட்டது: கட்டுப்பாட்டு அமைப்புகள் வெளி இணைப்பில்லாமல் தனியே இயங்குபவை, அவற்றின் மீது சைபர் தாக்குதல் சாத்தியமே இல்லை, பரவுவது பொய்த் தகவல். மறுநாள் அணுமின் கழகம் இன்னொரு அறிக்கை விட்டது: தீநிரல் கண்டறியப்பட்டது உண்மைதான், இணையத்தோடு இணைந்த நிர்வாக வலையில் இருந்த ஒரு பயனரின் கணினியில், செப்டம்பர் 4-ஆம் தேதியே தெரிவிக்கப்பட்டது, அணு உலை அமைப்புகளுக்குப் பாதிப்பில்லை. செப்டம்பர் 4-க்கும் அக்டோபர் 29-க்கும் இடையில் கிட்டத்தட்ட எட்டு வாரம். தெரிந்த பின்னும் 'சாத்தியமில்லை' என்று ஒருநாள் சொல்லிப் பார்த்தார்கள். அணு உலையின் வாசலில் உட்கார்ந்துகொண்டு அஞ்சு போட்டுக் காட்டினார்கள்.

இதே மண்ணில் எட்டு போட்டுப் பார்த்தவர்களும் உண்டு. லக்ஷ்மண் முத்தையா என்ற தமிழ்நாட்டுப் பாதுகாப்பு ஆய்வாளர் 2019-இல் இன்ஸ்டாகிராமைப் பார்த்து ஓர் எளிய கேள்வி கேட்டார். பாஸ்வேர்டு மறந்தால் போனுக்கு ஆறு இலக்க எண் அனுப்புகிறீர்களே, ஆறு இலக்கத்தில் மொத்தம் பத்து லட்சம் வாய்ப்புதானே, எல்லாவற்றையும் போட்டுப் பார்த்தால்? பத்து நிமிடத்தில் எண் காலாவதியாகும்; ஓரிடத்திலிருந்து நிறைய முயன்றால் தடுத்துவிடுவார்கள். ஆயிரம் முகவரிகளிலிருந்து ஒரே சமயத்தில் இரண்டு லட்சம் முயற்சிகளை அனுப்பிக் காட்டினார், தடை விழவில்லை. ஐயாயிரம் முகவரி இருந்தால் எந்தக் கணக்கையும் திறக்கலாம், வாடகைக்கு எடுத்தால் சுமார் 150 டாலர் ஆகும் என்று கணக்குச் சொன்னார். ஃபேஸ்புக் அவருக்கு 30,000 டாலர் கொடுத்து ஓட்டையை அடைத்தது. இதில் மந்திரம் ஏதும் இல்லை. அடிப்படையில் ஒரு ஃபார் லூப். ஒன்றிலிருந்து நூறு வரை இரட்டைப்படை எண்களை அச்சிடச் சொல்லி முதல் செமஸ்டரில் எழுதவைக்கிறோமே, அதே லூப். நாம் நூறில் நிறுத்தச் சொன்னோம்.

கடைசி செமஸ்டர் ப்ராஜெக்ட். வடபழனியிலும் தி.நகரிலும் காந்திபுரத்திலும் பேருந்து நிறுத்தங்களை அடுத்த மாடிகளில் பலகைகளைப் பார்த்திருப்பீர்கள்: ஐ-ட்ரிபிள்-ஈ ப்ராஜெக்ட்ஸ், ஜாவா, டாட்நெட், என்எஸ்2, மேட்லேப். உள்ளே மெனு கார்டு போலத் தலைப்புப் பட்டியல். பேஸ் பேப்பர், கோடு, ரிப்போர்ட், பிபிடி, விளக்க வகுப்பு எல்லாம் சேர்த்து ஒரு பேக்கேஜ். நாலு பேர் சேர்ந்து காசு போட்டு 'க்ளவுடில் பாதுகாப்பான தரவுப் பகிர்வுக்கு ஒரு புதுமையான அணுகுமுறை' ஒன்றை வாங்கிவருவார்கள். அதே புதுமை அதே ஆண்டில் பத்துக் கல்லூரிகளில் அரங்கேறும். ரிப்போர்ட்டின் முன்பக்கத்தில் 'பொனஃபைட் சர்டிஃபிகேட்': இது மேற்படி மாணவர்களின் நேர்மையான சொந்த உழைப்பு. கீழே வழிகாட்டியின் கையெழுத்து, துறைத் தலைவரின் கையெழுத்து, எக்ஸ்டர்னலின் கையெழுத்து. டிஜிட்டல் சிக்னேச்சர் பாடத்தில் 'நான்-ரிப்யூடியேஷன்' என்று ஒன்று வரும்; போட்ட கையெழுத்தை நான் போடவில்லை என்று பின்னால் மறுக்க முடியாமல் செய்வது. நம் மூவரும் மறுக்கவே மாட்டார்கள். எதற்குப் போட்டோம் என்று கேட்பவர் இருந்தால்தானே மறுப்பதற்கு?

இத்தனைக்கும் தலைமைச் செயல்முறை விளக்கம் ஒன்றைச் சொல்லாமல் விட்டால் பாவம். வலைப் பாதுகாப்பில் 'சிபில் தாக்குதல்' என்று உண்டு. ஓர் ஆளே பல ஆள் போலப் பல அடையாளங்களில் வலைக்குள் நுழைந்து, கூட்டம் காட்டி ஏமாற்றுவது. மாணவர்களுக்கு இதை விளக்கக் கடினம். நம் கல்லூரிகள் செய்தே காட்டின. 2024 ஜூலையில் அறப்போர் இயக்கம் வெளியிட்ட விவரப்படி, 2023-24-இல் அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்புப் பெற்ற 224 கல்லூரிகளில், 353 பேராசிரியர்கள் ஒரே சமயத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட கல்லூரிகளில் முழுநேரப் பணியில் இருந்தார்கள். சிலர் பத்துக்கும் மேற்பட்ட கல்லூரிகளில். முறைகேடு நடந்திருப்பதைப் பல்கலைக்கழகமும் ஒப்புக்கொண்டது. எண்ணிப் பாருங்கள். காலை ஒன்பதரைக்குத் திருவள்ளூரில் பாடம் நடத்துகிற அதே உடம்பு, அதே ஒன்பதரைக்குத் தென்கோடியில் வருகைப் பதிவு எடுக்கிறது. கல்லூரிகளை ஆய்வு செய்ய ஆண்டுதோறும் குழு போகிறது. ஆசிரியர் பட்டியல் கணினியில் இருக்கிறது. ஒரு பெயர் இரண்டு இடத்தில் வந்தால் கண்டுபிடிக்க எத்தனை வரி நிரல் வேண்டும்? 2017-இன் முதலாண்டு பைத்தான் சோதனைப் பட்டியலில், ஒரு கோப்பில் அதிகமுறை வரும் சொற்களைக் கண்டுபிடிப்பது என்று ஒன்று இருந்தது. நாம் நடத்திய பாடம்தான். அதை ஒருமுறை நம் சொந்தப் பட்டியலின் மீது ஓட்டியிருந்தால் போதும். வெளியிலிருந்து ஓர் ஊழல் எதிர்ப்பு அமைப்பு வந்து ஓட்டவேண்டியிருந்தது.

இதில் எனக்குக் கோபம் வருவது பட்டியலில் பெயரை வாடகைக்கு விட்டவர்கள் மீது மட்டும் இல்லை. வகுப்பறையில் அந்த நாற்காலி காலியாக இருந்ததே, அதன் எதிரே அறுபது பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்களே, அவர்களுக்காக. நகை அடகு வைத்து, கல்விக் கடனுக்கு வங்கி மேலாளரிடம் நாலு முறை நடந்து, பையனைக் கம்ப்யூட்டர் சயின்ஸில் சேர்த்த குடும்பங்கள். அவன் எட்டு போட்டதைப் பார்க்கவேண்டிய ஆள் வேறு பத்து ஊரில் காகிதத்தில் உட்கார்ந்திருந்தார். அவனுக்குக் கிடைத்தது எம்.இ. முடித்துவிட்டு, சொற்பச் சம்பளத்துக்கு, அதுவும் சில மாதம் வராமல், வேறு வழியில்லாமல் நின்ற ஓர் இளம் ஆசிரியை. அவர் ஏன் வேறு வேலைக்குப் போகவில்லை? போக முடியாது. அவருடைய அசல் சான்றிதழ்கள் நிர்வாகத்தின் பீரோவில்.

செக்யூரிட்டி பாடத்தில் ரான்சம்வேர் பற்றியும் நடத்துகிறார்கள். அடுத்தவரின் கோப்புகளைப் பூட்டிவைத்துக்கொண்டு, காசு கொடுத்தால்தான் திறப்பேன் என்பது. 2022 நவம்பரில் டில்லி எய்ம்ஸ் மருத்துவமனையே இதில் மாட்டி இரண்டு வாரம் காகிதத்தில் வேலை பார்த்தது. அதை எடுத்துக்காட்டாகச் சொல்லிக் கொடுத்துவிட்டு ஆசிரியர் அலுவலக அறைக்குப் போய்த் தன் சான்றிதழைக் கேட்டால் கிடைக்காது. மாணவன் கேட்டாலும் கிடைக்காது. மாணவர்களின் அசல் சான்றிதழ்களைப் பிடித்துவைக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018-இல் அறிவிக்கை வெளியிட்டது. அறிவிக்கையை நகலெடுத்துக் கல்லூரிகள் கோப்பில் வைத்துவிட்டன, அதே பீரோவில். ரான்சம்வேர் கும்பலாவது காசு வந்ததும் பெரும்பாலும் சாவியை அனுப்பிவிடும். இல்லையென்றால் அடுத்த ஆள் கொடுக்கமாட்டான் என்ற தொழில் தர்மம் அதற்கு உண்டு. இங்கே காசு கட்டிய பிறகு 'நோ டியூஸ்' படிவம் என்று ஒன்று தருவார்கள். விடுதி, நூலகம், ஆய்வகம், பேருந்து, விளையாட்டு, துறை, கணக்கு என்று ஒவ்வொரு ஜன்னலாகக் கையெழுத்து வாங்கவேண்டும்.

வெயிலில் ஒரு தகப்பனார் அப்படி ஒரு ஜன்னலில் நின்றிருந்தார். கூடவே மகள். வேலைக்குச் சேர மறுநாள் பெங்களூரு போகவேண்டும், அங்கே அசலைக் காட்டவேண்டும். எல்லாக் கையெழுத்தும் ஆகிவிட்டது, ஒன்றைத் தவிர.

"ஐயா, இன்னும் என்னங்கய்யா பாக்கி?"

கிளார்க் பதிவேட்டைத் திருப்பினார். "லைப்ரரில ஒரு புக் பெண்டிங். உங்க பொண்ணு பேர்ல போட்டிருக்கு."

"நான் எடுக்கவே இல்ல சார்," என்றாள் மகள். "என் கார்டுல வேற யாரோ எடுத்திருக்காங்க. அந்தக் கையெழுத்து என்னோடது இல்ல, பாருங்க சார்."

"அதெல்லாம் எனக்குத் தெரியாதும்மா. கம்ப்யூட்டர்ல உங்க பேர்தான் காட்டுது."

"என்ன புக்குங்கய்யா?" என்று கேட்டார் தகப்பனார், சட்டைப் பையில் கையை விட்டபடி.

கிளார்க் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார். "க்ரிப்டோகிராஃபி அண்ட் நெட்வொர்க் செக்யூரிட்டி. ஃபைனோட சேத்துக் கட்டிருங்க. ஜிபே இல்ல, கேஷ்தான்."